புதன்கிழமை வராத பிள்ளைகள்: நவஹோ நாட்டில் ஒரு வி.பி.எஸ். அனுபவம்

திங்கள் 31 பேர். செவ்வாய் 34. புதன் 12.

2023 ஜூலையில் ஐந்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடத்த, அமெரிக்காவின் அரிசோனா பக்கம் நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சி நிலமான நவஹோ நாட்டுக்குப் போன எங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்கள் இவை. பதிவேடு என் பொறுப்பு. அதனால் புதன்கிழமை காலையில் காலி நாற்காலிகளை முதலில் எண்ணியவனும் நான்தான். இரண்டே நாளில் 22 பிள்ளைகள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. சபையின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. கனாடோவுக்கும் சின்லேவுக்கும் நடுவே, 191ஆம் நெடுஞ்சாலையிலிருந்து மண் சாலையில் திரும்பிப் போகும் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒன்பது பேர். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் உள்ள ஒரு சபையிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிப் போனோம். குழுவில் நான் மட்டும்தான் தமிழன். சிறு வயதில் மே மாத வி.பி.எஸ்.ஸில் கைதட்டிப் பாடி வளர்ந்தவன் என்பதால், இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது.

சூழல்

நவஹோ நாடு அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. பரப்பு சுமார் 27,000 சதுர மைல். தலைநகரம் விண்டோ ராக். அதற்குக் கீழே 110 உள்ளூர் அமைப்புகள். அவற்றைச் ‘சாப்டர்’ என்கிறார்கள். நம் ஊராட்சி மாதிரி. அந்த மக்கள் தங்களைத் ‘தினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

முதல் நாளே நேரத்தில் கோட்டை விட்டோம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் அரிசோனாவில் கிடையாது, ஆனால் நவஹோ நாட்டில் உண்டு. நவஹோ நாட்டின் நடுவே தீவு போலக் கிடக்கும் ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியினரின் நிலத்தில் மறுபடி கிடையாது. பிள்ளைகள் ஒன்பது மணிக்குச் சரியாக வந்து நின்றார்கள். எங்கள் கைக்கடிகாரத்தில் எட்டு. நாங்கள் தட்டில் முட்டையோடு உட்கார்ந்திருந்தோம். இதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டோம், அவர்களும் சிரித்தார்கள்.

வீட்டு முகவரி என்ற ஒன்றும் அங்கே பெரும்பாலும் இல்லை. பதிவுப் படிவத்தில் நாங்கள் விட்டிருந்த ‘தெரு, கதவு எண்’ கட்டங்கள் எல்லாம் வெறுமையாகத் திரும்பின. பிள்ளைகளை ஏற்றி வரும் வேனை உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் ஓட்டினார். அவருடைய நோட்டில் இருந்தவைதான் உண்மையான முகவரிகள். நீல நிறத் தண்ணீர்த் தொட்டி தாண்டி இரண்டாவது வேலிக் கதவு, டயர் அடுக்கிய கூரை, வெள்ளைக் குதிரை நிற்கும் வீடு.

பிள்ளைகளுக்கு என் நிறம் ஒரு புதிர். ‘நீங்க எந்த ட்ரைப்?’ என்றான் ஒரு பையன். இந்தியன் என்றேன். ‘நாங்களும்தான். எந்த இந்தியன்?’ என்றான். கொலம்பஸ் செய்த குழப்பத்தை எட்டு வயதுப் பையனிடம் அவிழ்க்க முடியாமல் ‘ரொம்பத் தூரத்து இந்தியன்’ என்று முடித்துக்கொண்டேன்.

எங்களிடம் ஒரு பெட்டி இருந்தது. வி.பி.எஸ். நடத்துகிறவர்களுக்குத் தெரியும், எல்லாம் பெட்டியிலேயே வந்துவிடும். பாட்டு, அபிநயம், கதைப் படம், கைவேலைப் பொருள், ஐந்து நாளைக்கான மனப்பாட வசனம், பரிசு ஸ்டிக்கர். அந்த வருடத்துப் பெட்டி காட்டைக் கருப்பொருளாகக் கொண்டது. கதை சொல்வது ஓர் ஆந்தைக் கைப்பொம்மை. செவ்வாய்க்கிழமைக் கைவேலை ஆந்தை முகமூடி.

இந்த ஊழியத்தின் ஆரம்பங்களில் ஒன்று 1898இல் நியூயார்க்கில் நடந்தது. வெயில் காலத்தில் தெருவில் அலையும் பிள்ளைகளுக்காக ஒரு பெண்மணி பீர் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வேதம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை சும்மா இருக்கிறது, அதைக் கொண்டுவந்து உட்காரவைப்போம் என்பதுதான் அடிப்படை எண்ணம். நாங்கள் போன ஊரில் கோடையில் சும்மா இருந்த பிள்ளை குறைவு. ஆடு மேய்க்கணும், தம்பியைப் பார்த்துக்கணும், தாத்தாவோடு தண்ணீர் ஏற்றப் போகணும். எங்களிடம் வந்தவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

முதல் இரண்டு நாள்

திங்கள் மாலை வேனுக்குக் காத்திருந்தபோது கைவேலைப் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து விரலில் கோத்து, சின்ன வயதில் விளையாடிய மாதிரி வலை போட்டுக் காட்டினேன். எதிரே எட்டு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை. ‘பிடி’ என்று நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

‘இப்போ கூடாது.’

‘ஏன்?’

‘பனி பெய்யலையே.’

நான் சிரித்தேன். இன்னொரு முடிச்சும் போட்டுக் காட்டினேன். அவள் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதினேன். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது, அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆந்தை முகமூடி ஒட்டினோம். பெரிய பிள்ளைகள் சிலர் வெட்டின தாளை மடித்து மேசைக்குக் கீழே போட்டார்கள். கத்தரிக்கோல் சரியில்லை போலும் என்று நினைத்தோம். சின்னவர்கள் ஆசையாகச் செய்து, மாட்டிக்கொண்டே வேனில் ஏறினார்கள். மத்தியானம் தண்ணீர் பலூன் விளையாட்டு. சபைக் குழாயிலிருந்து பிடித்து இருநூறு பலூன் உடைத்தோம். அந்த வாரத்திலேயே பிள்ளைகள் அதிகம் சிரித்தது அப்போதுதான். வேன் ஓட்டும் பெரியவர் நிழலில் நின்று ஈரமான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்

செவ்வாய் இரவு மழை கொட்டியது. ஜூலையில் அங்கே பருவமழை உண்டு, சாலைகளில் பெரும்பாலானவை மண் சாலைகள். அதனால் 12 பேர் மட்டும் வந்தபோது சேறுதான் காரணம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். ஆனால் வேன் எல்லா வீட்டுக்கும் போய்விட்டுத்தான் வந்திருந்தது, சக்கரத்தில் சேறு இருந்தது. பெரியவரிடம் கேட்டேன். ‘பிள்ளைகள் வரல’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஊகம் குழுத் தலைவருடையது. பரிசும் விளையாட்டும் முதல் இரண்டு நாளில் கிடைத்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் என்றார். நானும் தலையாட்டினேன். அதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காரணம் சமையலறையில் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. 12 பேருக்கு எனக்கு வேலை இல்லை. பாத்திரம் கழுவப் போனேன். சபையின் சமையல் பொறுப்பு ஓர் அம்மாவிடம், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாவு பிசைந்து, உருண்டையைக் கையாலேயே தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். ஃப்ரை பிரெட். பார்த்தால் பெரிய பூரி மாதிரி இருக்கும், கொஞ்சம் தடிமன். 1864இல் அமெரிக்க ராணுவம் தினே மக்களை முன்னூறு மைலுக்கு மேல் நடத்தியே கூட்டிக்கொண்டுபோய் பாஸ்க் ரெடோண்டோவில் அடைத்து வைத்தது. அங்கே ரேஷனாகக் கிடைத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்த ரொட்டி இது என்று சொல்வார்கள். 1868 ஜூன் 1 உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள்.

பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ரொட்டியைப் புரட்டினார்.

‘நேத்து ராத்திரி எத்தனை வீட்டுக்குள்ள ஆந்தை போச்சு தெரியுமா?’ என்றார்.

தினே மரபில் ஆந்தை கெட்ட சேதி கொண்டுவரும் பறவை, பெரும்பாலும் சாவுச் சேதி. அந்த முகத்தை நாங்கள் பிள்ளையின் முகத்தில் கட்டி, இருட்டுகிற நேரத்தில் பாட்டி இருக்கும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். நூல் விளையாட்டுக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. அதை மக்களுக்குக் கொடுத்தது சிலந்தி. சிலந்திகள் உறங்கும் பனிக்காலத்தில் மட்டும்தான் அதை விளையாடலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில், சுமார் 800 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறைதான் நெசவு கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண்ணின் வீடு என்பார்கள். அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு விதியைச் சொல்லியிருக்கிறாள். நான் கூச்சம் என்று எழுதியிருக்கிறேன்.

‘நீங்க இதையெல்லாம் நம்புறீங்களா?’ என்று கேட்டேன். அவர் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம்.

‘நான் நம்புறதில்ல. என் அம்மா பாதி நம்புவாங்க. ஆனா அந்தப் பிள்ளைங்க ராத்திரி தூங்குறது என் வீட்டுல இல்லையே.’

‘முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா.’

‘நீங்க பெட்டியோட வந்தீங்க. கேட்கலையே.’

பலூன் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். நவஹோ நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. பிக்கப் வண்டியில் பீப்பாய் வைத்து, மைல்கணக்கில் போய் ஏற்றி வருகிறார்கள். நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்பு, ஜூன் 22 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. நவஹோ மக்களுக்குத் தண்ணீர் கிடைக்க அரசு தானாக முயற்சி எடுக்க வேண்டும் என்று 1868 உடன்படிக்கை கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் சாரம். அந்த வாரம் ஊர் முழுக்க இதுதான் பேச்சாம். அந்த ஊரில் நாங்கள் இருநூறு பலூன் உடைத்தோம். ஆந்தை எங்களுக்குத் தெரியாத விஷயம், சரி. தண்ணீர் கண்ணுக்கு முன்னால் பீப்பாயில் நின்றது. ஆந்தையைவிட எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

பாட்டி வீட்டில்

புதன் மாலை சமையல் அம்மாவோடு அந்தப் பெண் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டு கேன் தண்ணீரும், அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பார்க்கக்கூடிய ப்ளூ பேர்ட் மாவு மூட்டை ஒன்றும் எடுத்துக்கொண்டார். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார். இறங்கப் போன என்னை உட்காரச் சொன்னார். ஹார்ன் அடிக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. ஏழெட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருப்பவர்கள் பார்த்து, தயாராகி, வெளியே வரவேண்டும். அப்புறம்தான் இறங்கலாம்.

பாட்டிக்கு எண்பது வயது பக்கம். தொட்டும் தொடாமலும் கை கொடுத்தார். சமையல் அம்மா தன் நான்கு குலங்களைச் சொன்னார். அம்மாவின் குலம் முதலில், அப்பாவுடையது அடுத்து, பிறகு அம்மாவின் அப்பா, அப்பாவின் அப்பா. பாட்டி தன்னுடையதைச் சொன்னார். எங்கோ ஒரு குலம் ஒத்துப்போனது. அந்த நிமிடத்திலிருந்து இருவரும் தாயும் மகளும். இந்த உறவு முறைக்கு ‘கே’ என்று பெயர்.

அடுத்து என்னைப் பார்த்தார்கள். திங்கள்கிழமை இந்தக் கேள்வி வந்திருந்தால் பெயர், வேலை, சபை என்று சொல்லியிருப்பேன். அன்று அம்மாவைப் பெற்றவர்களின் ஊர், அப்பாவைப் பெற்றவர்களின் ஊர், அவர்கள் செய்த தொழில் என்று வரிசையாகச் சொன்னேன். மொழிபெயர்க்கப்பட்டது. பாட்டி தலையசைத்தார். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் கேட்பது இதையேதான். எனக்குத் தெரிந்த முறையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆந்தையைப் பற்றிப் பாட்டி ஒரே வாக்கியம்தான் பேசினார். முகமூடியை அன்றிரவே வெளியே வைத்துவிட்டாராம். அவர் சொன்ன மற்றது வேறு. ‘காலையில வண்டி வருது. பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போகுது. யார் வீட்டு ஆள் கூட்டிட்டுப் போறாங்கன்னு யாரும் வந்து சொல்லல.’

என் கணக்கில் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆந்தை ஒரு சாக்கு என்று சொல்லமாட்டேன், அது உண்மையான பயம். ஆனால் தெரிந்த ஆள் கொடுத்த ஆந்தையாக இருந்தால் பாட்டி அந்த ஆளைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். தெரியாத ஆளைத் திட்ட முடியாது. பிள்ளையை அனுப்பாமல் இருக்கத்தான் முடியும்.

அந்த நிலத்தில் பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டிகளுக்குப் பழைய கதை உண்டு. 1868 உடன்படிக்கையின் ஆறாவது பிரிவே 6 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தியது. 1892இல் பள்ளிக்குப் பிள்ளை பிடிக்க ரவுண்ட் ராக்குக்கு வந்த அரசு அதிகாரி டேனா ஷிப்லியை, பிளாக் ஹார்ஸ் என்பவரும் அவர் ஆட்களும் அடித்து நொறுக்கினார்கள். ரவுண்ட் ராக் அந்தச் சபையிலிருந்து அதிக தூரமில்லை. விடுதிப் பள்ளிகளில் முடி வெட்டினார்கள், மொழி பேசினால் தண்டித்தார்கள். அரசுப் பள்ளிகளும் செய்தன, மிஷன் பள்ளிகளும் செய்தன. பாட்டியும் ஆறு வயதில் அப்படி ஒரு வண்டியில் ஏறியவர்தான். எந்தப் பள்ளி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதன் மறுபக்கமும் அதே வீட்டில் இருந்தது. கிளம்பும்போது பாட்டி அலமாரியிலிருந்து நவஹோ வேதாகமத்தை எடுத்துக் காட்டினார், முனை தேய்ந்தது. புதிய ஏற்பாடு 1956இல் வந்தது, முழு வேதாகமம் 1985இல். மிஷன் பள்ளியில் வேலை பார்த்த ஃபே எட்ஜர்டன் என்ற பெண்மணி, பள்ளி விரட்டிய அதே மொழியைக் கற்று, கண் பார்வையற்ற ஜெரோனிமோ மார்ட்டின் போன்ற நவஹோ கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்பு அந்தப் புதிய ஏற்பாடு. பாட்டி வாசிக்கப் பழகியது அதில்தான்.

வியாழன்

ஆந்தைப் பொம்மையையும் மீதித் தாள்களையும் வண்டியில் ஏற்றி மூடினோம். கதையை மாற்றினோம், லூக்கா 15, காணாமல் போன ஆடு. 19 பேர் வந்திருந்தார்கள். சொல்ல ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பையன் கை தூக்கினான்.

‘நாய் இருந்துச்சா?’

பைபிளில் நாயைப் பற்றி இல்லை என்றேன்.

‘அப்போ 99 ஆட்டை யார்கிட்ட விட்டுட்டுப் போனார்? கயோட்டி வருமே.’

அரை மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளே பேசினார்கள். எந்த ஆடு பிரிந்து போகும், ஏன் போகும், காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தை வைத்து யார் வீட்டு ஆடு என்று எப்படிச் சொல்வது, தொலைந்த ஆட்டை இருட்டில் தேடக்கூடாது, ஆனால் தாத்தா போவார். ஒரு சிறுமி, ஆடு கிடைத்ததும் அவர் ஏன் விருந்து வைத்தார், ஒரு ஆட்டுக்காக இன்னொரு ஆட்டை வெட்டினாரா என்று கேட்டாள். வேதாகமக் கல்லூரியில் படித்த எங்கள் குழுத் தலைவரிடம் பதில் இல்லை. வாரம் முழுக்க நடந்த பாடங்களில் இதுதான் பாடம் மாதிரி இருந்தது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா பிறகு சொன்னார். 1930களில் மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று அரசாங்கம் ஆடுகளின் எண்ணிக்கையை வலுக்கட்டாயமாகக் குறைத்தது. பல மந்தைகளைச் சுட்டு அப்படியே போட்டார்கள். ‘எங்க ஊர்ல ஆடு தொலைஞ்ச கதைக்கு அழற கிழவிங்க உண்டு, பார்த்துச் சொல்லுங்க’ என்றார்.

வெள்ளிக்கிழமை 27 பிள்ளைகள். பாட்டியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மனப்பாட வசனத்தைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொன்ன பிறகு, சமையல் அம்மா கேட்க, பாட்டி அதை நவஹோவில் வாசித்தார். பாதிப் பிள்ளைகளுக்கு அர்த்தம் புரியவில்லை. பேத்திக்குப் புரிந்தது.

ஏழு பிள்ளைகள் கடைசி வரை வரவில்லை.

பிறகு

திரும்பும் வழியில் ஹோல்புரூக்கில் சாப்பிட நிறுத்தினபோது குழுவுக்குள் வாக்குவாதம். தலைவரின் கேள்வி நியாயமானது. ‘ஒவ்வொரு நம்பிக்கைக்கும் வழிவிட்டால் நாளைக்கு ஏதேன் தோட்டத்துப் பாம்பையும் எடுத்துவிடச் சொல்வார்களா? அப்புறம் நாம் எதற்குப் போகிறோம்?’ பாம்பும் அங்கே சாதாரண விஷயமில்லை, அது எங்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. என் பதில், ஆந்தை வேதத்தில் இருந்து வரவில்லை, ஒரு கம்பெனியின் வரைகலைப் பிரிவிலிருந்து வந்தது என்பது. பெட்டியைத் திருத்துவது வேறு, வேதத்தைத் திருத்துவது வேறு. அவர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. சமையல் அம்மாவிடம் போனில் கேட்டேன். ‘பாம்புக் கதையா? ஜனவரியில வந்து சொல்லுங்க, பாம்பு தூங்கும்’ என்றார். அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்னும் பிடிபடவில்லை. ஜனவரியில் யாரும் போகவுமில்லை.

2024இல் பெட்டி வாங்கவில்லை. மார்ச்சிலேயே அவரிடம் கேட்டோம். பிள்ளைகளின் வாரத்துக்கு மூன்று நாள் முன்னதாக நாலு பேர் வரட்டும் என்றார். அந்த மூன்று நாளும் வேன் ஓட்டும் பெரியவரோடு வீடு வீடாகப் போனோம். தண்ணீர் இறக்கினோம், விறகு அடுக்கினோம், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தோம். பாடம் நடத்தியது உள்ளூர்ச் சபையின் பதின்ம வயதுப் பிள்ளைகள். நாங்கள் ரொட்டிக்கு மாவு பிசைந்தோம், எனக்கு வட்டமே வரவில்லை. முதல் நாள் 22 பேர்தான், முந்தைய வருடத் திங்களைவிடக் குறைவு. கடைசி நாளும் 22. முந்தைய வருடம் நின்றுபோன ஏழு பேரில் மூவர் இதில் இருந்தார்கள். மற்ற நான்கு பேரின் வீடுகளுக்கும் போனோம். இரண்டு வீட்டில் யாரும் வெளியே வரவில்லை.

அக்டோபர் 25 அன்று, நான் வசிக்கும் சாண்ட்லரை ஒட்டிய கிலா ரிவர் பழங்குடி நிலத்தில், அப்போதைய அதிபர் ஜோ பைடன் விடுதிப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அந்தச் செய்தியைச் சமையல் அம்மாவுக்கு அனுப்பினேன். ‘பார்த்தோம். அம்மாவும் பார்த்தாங்க. டிவியை அணைச்சிட்டு ஆட்டைப் பார்க்கப் போயிட்டாங்க’ என்று பதில் வந்தது.

டிசம்பரில் அவரிடமிருந்து இன்னொன்று வந்தது, இருபது விநாடி வீடியோ. ஜன்னலுக்கு வெளியே பனி. அந்தப் பெண் பிள்ளையின் பத்து விரலிலும் நூல். வேகமாக நாலைந்து முறை மாற்றிக் கோத்து இழுத்தாள், வானத்து நட்சத்திரக் கூட்டம் மாதிரி ஒரு வலை விரிந்தது. அதைக் கேமரா பக்கம் நீட்டி, ‘இப்போ பிடிங்க’ என்றாள்.